ஒரே எம்ஜிபி, இரண்டு சட்டங்கள்

1977இல் இங்கிலாந்தின் ஆபிங்டன் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த இரண்டு எம்ஜிபி கார்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று பர்மிங்ஹாமிலேயே தங்கிவிட்டது. மற்றொன்று கப்பலேறி லாஸ் ஏஞ்சல்ஸ் போனது. இன்று பர்மிங்ஹாம் காருக்கு வருடாந்தரச் சோதனையே கிடையாது. அது விடும் புகையின் அளவை யாரும் கேட்பதில்லை. லாஸ் ஏஞ்சல்ஸ் கார் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புகைச் சோதனை நிலையத்தில் போய் நின்றாக வேண்டும். தேறாவிட்டால் பதிவைப் புதுப்பிக்க முடியாது. பழைய கார்களை மாற்றியமைத்து ஓட்டுபவர்களிடம் பிரிட்டனும் கலிபோர்னியாவும் எப்படி நடந்துகொள்கின்றன என்பதை இந்த ஒரு ரகத்தை வைத்தே பார்த்துவிடலாம். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கலிபோர்னியா காரின் உறுப்புகளை எண்ணுகிறது, பிரிட்டன் அதன் வம்சாவளியைப் பார்க்கிறது. சைலன்சரிலிருந்து உண்மையில் என்ன வெளியே வருகிறது என்ற கேள்விக்கு இரண்டுமே உரிய முதலிடம் தரவில்லை.

இந்த வேறுபாடு இரு சோதனைகளின் பிறப்பிலேயே இருக்கிறது. 1943 கோடையில் லாஸ் ஏஞ்சல்ஸைக் கண்ணெரியும் புகைமூட்டம் சூழ்ந்தது. மலைகளுக்கு நடுவே தேங்கிய காற்றில் என்ன கலந்திருக்கிறது என்று பல ஆண்டுகள் யாருக்கும் பிடிபடவில்லை. 1950களின் தொடக்கத்தில் கால்டெக் ஆய்வாளர் ஏரி ஹாகன்-ஸ்மித்தான் அதை அவிழ்த்தார்: கார்ப் புகையிலுள்ள ஹைட்ரோகார்பன்களும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வெயிலில் வினைபுரிந்து ஓசோனை உண்டாக்குகின்றன. அங்கிருந்து தொடங்கிய பாதையில் 1966 மாடல் கார்களுக்குப் புகைக் கட்டுப்பாடு, 1967இல் காற்று வளங்கள் வாரியம், 1984இல் ஸ்மாக் செக் என்ற சோதனை என்று ஒவ்வொன்றாக வந்தன. காற்றைக் காப்பாற்றப் பிறந்த சோதனை அது.

பிரிட்டனின் வருடாந்தரச் சோதனையான எம்ஓடி பிறந்தது விபத்தைத் தடுக்க. 1960இல் தொடங்கியபோது 10 ஆண்டு ஓடிய கார்களின் பிரேக், விளக்கு, ஸ்டியரிங் ஆகியவற்றைத்தான் அது பார்த்தது. லண்டனுக்கும் கொடிய புகைமூட்ட அனுபவம் உண்டு. ஆனால் 1952இல் அந்நகரின் மூச்சை அடைத்தது நிலக்கரிப் புகை. 1956இன் தூய காற்றுச் சட்டமும் வீட்டு அடுப்புகளையும் புகைபோக்கிகளையும் நோக்கியே எழுதப்பட்டது. கார்ப் புகையை அளக்கும் பகுதி எம்ஓடிக்குள் 1991இல்தான் நுழைந்தது. பிறகு சேர்த்த பகுதி என்பதால், விலக்கு என்று வரும்போது அது முழுச் சோதனையோடு சேர்ந்தே கழன்று போகிறது.

கலிபோர்னியச் சோதனையைச் சற்று அருகில் போய்ப் பார்ப்போம். லாஸ் ஏஞ்சல்ஸ் போன்ற பெருநகரப் பகுதிகளில் 1977 காரின் பின்சக்கரங்களை டைனமோமீட்டர் உருளைகளின் மேல் ஏற்றி, சைலன்சர் குழாய்க்குள் ஆய்வுக்குழலைச் செருகி, மணிக்கு 15 மைல், 25 மைல் வேகங்களில் ஓடவிட்டு அளக்கிறார்கள். ஹைட்ரோகார்பன், கார்பன் மோனாக்சைடு, நைட்ரிக் ஆக்சைடு மூன்றும் திரையில் வந்துவிடும். அதோடு முடிவதில்லை. அடுத்து பானெட் திறக்கிறது. அமெரிக்காவுக்குப் போன எம்ஜிபியில் பிரிட்டிஷ் காரின் இரட்டை எஸ்யூ கார்புரேட்டர்கள் கிடையாது, ஒற்றை ஜெனித்-ஸ்ட்ராம்பர்க்தான். எஞ்சினின் முன்புறம் பெல்ட்டில் சுழலும் ஏர் பம்ப், அதிலிருந்து சிலிண்டர் ஹெட்டுக்குள் காற்றைச் செலுத்தும் குழாய்கள், புகையில் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பும் இஜிஆர் வால்வு, பெட்ரோல் ஆவியைப் பிடித்துவைக்கும் கரி டப்பா, கீழே கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர். டெக்னீஷியன் டார்ச் அடித்து ஒவ்வொன்றாகப் பார்க்கிறார். குழாய் ஒன்று கழன்று கிடந்தாலும், ஏர் பம்ப்பின் பெல்ட்டை யாரோ எடுத்துவிட்டிருந்தாலும் கார் தோற்றது தோற்றதுதான். திரையில் வந்த எண்கள் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் இந்தத் தீர்ப்பு மாறாது.

இத்தனையும் மாட்டப்பட்ட அந்த அமெரிக்கப் பதிப்பின் திறன் 70 குதிரைத்திறனுக்குக் கீழே இறங்கியிருந்தது. வாங்கியவர்களின் கை அரித்ததில் வியப்பில்லை. பலர் எஸ்யூ ஜோடியைத் தேடிப் பிடித்தார்கள், சிலர் வெபர் கார்புரேட்டர் மாட்டினார்கள். புகையைப் பாதிக்கக்கூடிய எந்த மாற்று உறுப்பானாலும் காற்று வளங்கள் வாரியத்தின் விலக்கு ஆணை எண் வேண்டும். எண் இல்லாத கார்புரேட்டர் பானெட்டுக்குள் தெரிந்தாலே தோல்வி. எஞ்சினையே மாற்றினால் விதி இன்னும் கறார். புது எஞ்சின் காரின் மாடல் ஆண்டைச் சேர்ந்ததாகவோ அதற்குப் பிந்தியதாகவோ இருக்க வேண்டும். அந்த எஞ்சினோடு பிறந்த எல்லாப் புகைக் கட்டுப்பாட்டுக் கருவிகளும் கூடவே வர வேண்டும். அரசு நியமித்த ரெஃபரி பார்த்து ஒப்புக்கொண்டால் காரில் ஓர் அடையாளச் சீட்டு ஒட்டப்படும். அதன்பின் வழக்கமான நிலையங்கள் அந்த எஞ்சினின் அளவுகோலில் சோதிக்கும்.

இந்த எஞ்சின் விதி எனக்கு மிகவும் பிடித்தது. மாற்றத்தை அது தடுக்கவில்லை, மாற்றம் தூய்மையை நோக்கித்தான் போகலாம் என்கிறது. 1977 எம்ஜிபியில் 1962 ப்யூக்கின் அலுமினிய வி8 எஞ்சினைப் பொருத்த முடியாது. காரைவிட அது மூத்தது. 2000களின் ஜெனரல் மோட்டார்ஸ் எஞ்சினை அதன் சென்சார்கள், கன்வெர்ட்டர்கள், கரி டப்பா எல்லாவற்றோடும் பொருத்தலாம். அப்படிப் பொருத்திய கார் தொழிற்சாலையிலிருந்து வந்த நாளைவிடச் சுத்தமாக ஓடும்.

இப்போது பர்மிங்ஹாமுக்கு வருவோம். 2018 மே 20 முதல் 40 வயதைத் தாண்டிய கார்களுக்கு எம்ஓடி விலக்கு. ஒவ்வோர் ஆண்டும் எல்லைக்கோடு தானாக நகரும். நிபந்தனை ஒன்று: கடந்த 30 ஆண்டுகளில் கணிசமான மாற்றம் எதுவும் செய்திருக்கக் கூடாது. எது கணிசம்? சட்டகம் அல்லது உடற்கூட்டை வேறு வடிவத்தில் மாற்றுவது, சஸ்பென்ஷன் அல்லது ஸ்டியரிங்கின் வகையையே மாற்றுவது, மூலத்தோடு தொடர்பில்லாத எஞ்சினைப் பொருத்துவது. அதே எஞ்சினின் வேறு கொள்ளளவு கணக்கில் வராது. அந்த ரகத்துக்குத் தொழிற்சாலையே கொடுத்த மாற்று எஞ்சினும் வராது. அந்த ரகம் உற்பத்தியில் இருந்த காலத்திலோ, நின்று 10 ஆண்டுக்குள்ளோ வழக்கில் இருந்த மாற்றம் என்று காட்ட முடிந்தாலும் தப்பிக்கலாம்.

மேலே சொன்ன ப்யூக் எஞ்சினின் வடிவமைப்பைத்தான் ரோவர் நிறுவனம் வாங்கித் தன் 3.5 லிட்டர் வி8 ஆக்கியது. அதையே 1973 முதல் 1976 வரை எம்ஜிபி ஜிடி வி8 என்ற பெயரில் தொழிற்சாலை பொருத்தி விற்றது. ஆகவே பிரிட்டனில் ஒருவர் தம் நான்கு சிலிண்டர் எம்ஜிபி ஜிடியில் ரோவர் வி8ஐ இறக்கினால், இது தொழிற்சாலை கொடுத்த எஞ்சின்தான் என்று வாதிட இடமுண்டு. அதே காரில் புத்தம்புது, பல மடங்கு சுத்தமான ஜப்பானிய எஞ்சினைப் பொருத்தினால் விலக்குப் போய்விடும். வம்சத்துக்கு உள்ளே நடந்த மாற்றம் சரி, வெளியே நடந்தது தவறு. புகை இந்தக் கணக்கில் எங்குமே வரவில்லை. மாற்றம் நடந்து 30 ஆண்டு கடந்திருந்தால் அதையும் யாரும் கேட்பதில்லை. இத்தனை நுட்பமான தீர்மானத்தையும் எடுப்பவர் உரிமையாளர்தான். வாகன வரி கட்டும்போது அவர் தரும் உறுதிமொழியே போதும்.

சரி, விலக்கை இழந்த அந்தக் காரை எம்ஓடி என்ன செய்கிறது? 1975 ஆகஸ்ட் 1க்கு முன் சாலைக்கு வந்த பெட்ரோல் கார் என்றால் கண்ணுக்குத் தெரியும் புகையை மட்டும் பார்ப்பார்கள். (கலிபோர்னியாவும் 1975 மாடலோடுதான் கோடு கிழித்திருக்கிறது, அதுவும் அதற்கு முந்தியவையும் அங்கே சோதனைக்கே வர வேண்டாம்.) நம் 1977 காருக்கு ஐட்லிங்கில் கார்பன் மோனாக்சைடு 4.5 சதவீதம், ஹைட்ரோகார்பன் பத்து லட்சத்தில் 1,200 பங்கு வரை அனுமதி. பழைய காரில் புது எஞ்சின் பொருத்தினால் இரண்டில் எது மூத்ததோ அதன் அளவுகோல்தான். அதாவது கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரோடு பிறந்த 2000களின் எஞ்சினை அது இல்லாமல் மாட்டி, 1977க்குரிய எல்லைக்குள் நிறுத்திவிட்டால் போதும். எஞ்சினுக்கு இயல்பாக இருந்த தூய்மையைக் கழற்றி எறிய இந்த விதி வழிவிடுகிறது. இரண்டு சட்டங்களையும் அருகருகே வைக்கும்போது எனக்கு மிகவும் உறுத்துவது இந்த இடம்தான்.

கலிபோர்னியாவின் கறாரும் எப்போதும் இப்படி இருக்கவில்லை. 1990களின் இறுதியில் அங்கும் 30 ஆண்டு நகரும் விலக்கு சட்டமானது. 2004இல் ஆளுநர் ஷ்வார்ஸ்நெகர் கையெழுத்திட்ட சட்டம் அந்த நகர்வை 1975 மாடலோடு உறையவைத்தது. 1976 மாடலும் அதற்குப் பிந்தியவையும் ஆயுள் முழுக்கச் சோதனைக்கு உரியவை. ஒரே வடிவம், ஒரே எஞ்சின் கொண்ட 1975 காருக்கும் 1976 காருக்கும் இடையே விலையிலேயே இந்தக் கோடு தெரிகிறது. 35 வயதைத் தாண்டிய, சேகரிப்பாளர் காப்பீடு உள்ள கார்களை விடுவிக்கும் மசோதா ஒன்றை நகைச்சுவைக் கலைஞர் ஜே லெனோ ஆதரித்தார். அவர் பெயராலேயே அது பேசப்பட்டது. மாநில செனட்டைக் கடந்தது, 2025 ஆகஸ்டில் கீழவையின் நிதி ஒதுக்கீட்டுக் குழுவில் நின்றுபோனது. டைனமோமீட்டர் வைத்து பழைய காரைச் சோதிக்கும் நிலையங்கள் அருகிவிட்டன என்ற மசோதா ஆதரவாளர்களின் குறை நியாயமானது. ஆனாலும் மசோதா நின்றதில் எனக்கு வருத்தமில்லை.

காரணம், 2004 சட்டத்திலேயே இருக்கும் ஒரு சிறு பிரிவு. 35 ஆண்டு பழைய காருக்குச் சேகரிப்பாளர் காப்பீடு இருந்தால் ரெஃபரியிடம் போகலாம். அவர் சைலன்சர் அளவுகளை எடுப்பார், பெட்ரோல் மூடி காற்றுப் புகாமல் மூடுகிறதா என்று சோதிப்பார், எங்கேனும் எரிபொருள் கசிகிறதா என்று பார்ப்பார். அவ்வளவுதான். ஏர் பம்ப் எங்கே, கார்புரேட்டருக்கு எண் எங்கே என்ற கேள்விகள் இல்லை. எஸ்யூ ஜோடியை நேர்த்தியாக டியூன் செய்தவர் அதை நிரூபித்துவிட்டுப் போகலாம். உறுப்புகளைப் பார்ப்பதில் பொருளே இல்லை என்று நான் சொல்லவில்லை. சில நிமிடச் சோதனையில் குளிர்ந்த எஞ்சின் கிளம்பும்போது விடும் புகை தெரியாது. நிறுத்திவைத்த காரிலிருந்து வெயிலில் கிளம்பும் பெட்ரோல் ஆவியும் தெரியாது. அந்த ஆவிக்குக் கரி டப்பாதான் காவல். இந்தப் பிரிவில் அதையும் சேர்த்துவிட்டால், பழைய காரை ஆசையாகப் பேணுபவருக்கும் அவர் பக்கத்து வீட்டு ஆஸ்துமா குழந்தைக்கும் ஒருசேர நியாயம் செய்யும் விதியாகிவிடும்.

இரு இடங்களின் விலக்குகளும் ஒரு நம்பிக்கையின் மேல் நிற்கின்றன: பழைய கார் அதிகம் ஓடாது. ஆனால் எந்த விதியும் ஓடிய மைலைக் கேட்பதில்லை. எம்ஓடி நடக்கும்போதாவது மைல் பதிவாகும். விலக்குக் கிடைத்ததும் அதுவும் நின்றுவிடுகிறது. கலிபோர்னியாவில் சேகரிப்பாளர் காப்பீடு பயன்பாட்டைக் கட்டுப்படுத்துவதால், மறைமுகமாகவேனும் ஒரு கண் இருக்கிறது. லண்டனில் இந்த நம்பிக்கை அநீதியாகவே மாறுகிறது. 2023 ஆகஸ்ட் முதல் நகரம் முழுவதும் அமலில் உள்ள குறைப்புகை மண்டலத்தில், 1998இல் வாங்கிய சாதாரணப் பெட்ரோல் கார் பெரும்பாலும் யூரோ 4 தரத்தை எட்டாது. அதை வைத்திருப்பவர் நாளுக்கு 12.50 பவுண்டு கட்டுகிறார். வரலாற்று வரிப்பிரிவில் உள்ள 1977 எம்ஜிபி ஒன்றும் கட்டாமல் போகிறது. வேலைக்குப் போக வேறு வழியில்லாதவரின் புகைக்கு விலை, பொழுதுபோக்கின் புகைக்கு விலையில்லை.

பிரிட்டனில் புதுக் கார்களுக்குக் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் கட்டாயமானது 1993 தொடக்கத்தில். எல்லைக்கோடு இப்படியே நகர்ந்தால் 2033இல் அந்தக் கார்களும் விலக்குக்குள் வந்துவிடும். அப்போது ஒருவர் கன்வெர்ட்டரை அறுத்துவிட்டு வெறும் குழாயை வெல்டு செய்தால், சட்டப்படி அது குற்றம்தான், ஆனால் பார்ப்பதற்கு எந்தச் சோதகரும் இருக்க மாட்டார். கணிசமான மாற்றங்களின் பட்டியலில் சட்டகம் இருக்கிறது, சஸ்பென்ஷன் இருக்கிறது, எஞ்சின் இருக்கிறது, கன்வெர்ட்டர் இல்லை. அதைச் சேர்ப்பதற்கும், பிரேக்கும் விளக்கும் விலக்குப் பெற்றாலும் புகை அளவை மட்டும் தனியாக நிறுத்திவைப்பதற்கும் அந்த ஆண்டு வரை அவகாசம் இருக்கிறது.