திரை வந்தது, சிவப்புப் பொத்தான் போகவில்லை
விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டுக்காகத் தொடுதிரை செய்யலாம் என்று இங்கிலாந்தின் ஈ.ஏ. ஜான்சன் எழுதியது 1965-இல். 1976-இல் ஜெனீவாவின் செர்ன் ஆய்வகம், சுமார் 7 கிலோமீட்டர் சுற்றளவுள்ள துகள் முடுக்கியையே தொடுதிரைகளால் இயக்கியது.

ஆனால் கோவை மில்லில் நான் எலக்ட்ரீஷியனாகச் சேர்ந்தபோது, நூல் நூற்கும் ரிங் ஃப்ரேம் மெஷினின் பேனலில் பொத்தான்களும் பைலட் விளக்குகளும்தான். கோளாறு என்றால் டெஸ்ட் லேம்ப்போடு ஒவ்வொரு ரிலேயாகத் தேட வேண்டும். இன்று எந்த மோட்டார் டிரிப் ஆனது என்று தொடுதிரையே காட்டிவிடுகிறது. எங்களுக்கு அது பெரிய விடுதலை.

ஆனால் பஞ்சுத் தூசி படிந்தாலோ, கையுறை போட்டிருந்தாலோ தொட்டது பதியாமல் போகலாம். திரை உறைந்தும் நின்றுவிடும். அதனால்தான் மஞ்சள் பின்னணியில் இருக்கும் சிவப்புக் காளான் வடிவ அவசர நிறுத்தப் பொத்தான், தனி வயரில் நேராக சேஃப்டி ரிலேவுக்குப் போகிறது. திரையில் வரைந்த 'ஸ்டாப்' அதற்கு ஈடாகாது. ஷிஃப்ட் தொடங்கும்போது அந்தச் சிவப்புப் பொத்தானை ஒருமுறை அழுத்திப் பார்த்த பிறகே மெஷினை ஓட்டுங்கள்.