எல்லிஸின் மொழியாய்வும் கால்டுவெல்லின் மதிப்பீடும்: ஒரு மறுபரிசீலனை

பிரான்சிஸ் வைட் எல்லிஸைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் இராபர்ட் கால்டுவெல் போட்டுத் தந்த தடத்திலேயே செல்கின்றனர். தம் ஒப்பிலக்கண நூலின் முன்னுரையில், இத்துறையில் முதலில் இறங்கியவர் எல்லிஸ் என்று கால்டுவெல் ஒப்புக்கொள்கிறார். அவருடைய தமிழ்ப் புலமையையும் மனமாரப் பாராட்டுகிறார். கூடவே ஒரு வரம்பும் கட்டுகிறார். எல்லிஸ் செய்தது மிகச் சுருக்கமான ஒப்பீடு. அதுவும் மூன்று மொழிகளின் சில சொற்களைப் பற்றியதேயன்றி இலக்கண வடிவங்களைப் பற்றியதன்று என்பது அவர் மதிப்பீடு. தாமஸ் டிரவுட்மனின் 2006ஆம் ஆண்டு நூலுக்குப் பிறகு காலத்தால் முந்தியவர் யார் என்ற வழக்கு தீர்ந்துவிட்டது. ஆனால் எல்லிஸின் முறையியல் பற்றிய இந்த மதிப்பீடு இன்னும் செல்லுபடியாகி வருகிறது. அது மூலத்தோடு பொருந்தவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

மூலம் 1816இல் வெளிவந்தது. ஏ.டி. காம்பெல் எழுதிய தெலுங்கு இலக்கணத்தின் முன்னுரைக்கு ஒரு குறிப்பாக அது அச்சேறியது. பிறர் நூலுக்குள் ஒதுங்கியதால் தனி நூலுக்குரிய கவனம் அதற்குக் கிட்டவில்லை. தென்மொழிகள் சமஸ்கிருதத்திலிருந்து பிறந்தவை என்று வில்லியம் கேரி முதலியோர் கூறிவந்ததை மறுப்பது அதன் நோக்கம். மறுப்பு மூன்று படிகளில் நகர்கிறது: வேர்கள், சொற்கள், வாக்கிய அமைப்பு.

முதற்படியைப் பார்ப்போம். புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியின் சமஸ்கிருத, தெலுங்குத் தலைமையாசிரியர் பட்டாபிராம சாஸ்திரி தொகுத்த தெலுங்குத் தாதுமாலையை எல்லிஸ் எடுத்துக்கொள்கிறார். குறிப்பிட்ட எழுத்துகளில் தொடங்கும் தெலுங்கு வேர்களை அதே எழுத்துகளில் தொடங்கும் சமஸ்கிருத வேர்களோடு வரிசையாக நிறுத்துகிறார். ஒற்றுமை இல்லை. பிறகு தமிழ், தெலுங்கு, கன்னட வேர்களை நிறுத்துகிறார். ஒற்றுமை வெளிப்படையாகத் தெரிகிறது. இரண்டாம் படியில், மாமிடி வெங்கய்யாவின் ஆந்திர தீபிகையைத் துணைக்கொண்டு தற்சமம், தற்பவம், தேசியம் என்ற பாகுபாட்டின்படி சொற்களைப் பிரிக்கிறார். கடன் சொற்களைக் கழித்தபின் எஞ்சும் தேசியச் சொற்களே மொழியின் உடல் என்று காட்டுகிறார். மூன்றாம் படியில் சொற்கள் வாக்கியமாகக் கோக்கப்படும் முறை மொழிக்கு மொழி ஒத்துவருவதை எடுத்துவைக்கிறார்.

வேர்ப்பட்டியலைச் ‘சில சொற்கள்’ என்று சுருக்குவது முறையன்று. வாக்கிய அமைப்பைச் சொல்லொப்பீடு என்பதோ எவ்வகையிலும் பொருந்தாது. ‘மூன்று மொழிகள்’ என்பதும் குறையே. மலையாளம், துளு, குடகு ஆகியவற்றை எல்லிஸ் இக்குடும்பத்தில் சேர்த்தார். வடக்கே ராஜமகால் மலைவாசிகளின் மொழியிலும் தமிழோடும் தெலுங்கோடும் பொதுவான சொற்களைக் கண்டார். வேற்றுமை உருபுகளையும் வினைத் திரிபுகளையும் அட்டவணையிட்டு ஒப்பிடும் ஐரோப்பிய முறை அவரிடம் இல்லை என்பது உண்மை. அந்த அளவில் கால்டுவெல் சொன்னது சரி. ஆனால் எல்லிஸின் அளவுகோல் வேறு. அது இந்த மண்ணின் இலக்கணிகள் வகுத்தது. அதைக் கால்டுவெல் தம் அளவுகோலால் அளந்தார், அளவு குறைந்தது. மலையாளம் பற்றிய எல்லிஸின் ஆய்வுரை 1878இல்தான் ‘இந்தியன் ஆன்டிகுவரி’ இதழில் மறு அச்சானது. கால்டுவெல்லின் இரண்டாம் பதிப்பு வந்ததோ 1875இல். ஆகவே முழுச் சான்றும் அவர் கண்ணில் பட்டிராமலும் இருக்கலாம்.

இந்த முறை எல்லிஸுக்கு எங்கே வாய்த்தது? 1796இல் கும்பினி எழுத்தராகச் சேர்ந்தவர், 1802இல் வருவாய் வாரியச் செயலர், 1806இல் மசூலிப்பட்டண நீதிபதி, 1810இல் சென்னைக் கலெக்டர் என உயர்ந்தார். கல்லூரி 1812இல் தோன்றியது. எனவே அதையே இந்த முறையின் பிறப்பிடமாகக் கொள்வது வழக்கம். நான் மசூலிப்பட்டணத்தைச் சொல்வேன். ஆந்திர தீபிகையின் ஆசிரியர் வெங்கய்யா அவ்வூர் வணிகர். இருவரும் சந்தித்ததற்கு நேரடிச் சான்று என் கையில் இல்லை. ஆயினும் தெலுங்கு நாட்டு நீதிமன்றத்தில் அன்றாடம் அமர்ந்த ஒருவர், அதே ஊரில் உருவான அகராதியைப் பத்தாண்டு கழித்துத் தம் வாதத்தின் நடுத்தூணாக நிறுத்துவதைத் தற்செயல் என்று என்னால் ஒதுக்க முடியவில்லை.

அலுவலும் புலமையும் அவரிடம் பிரிந்து நிற்கவில்லை என்பதற்குக் கல்லிலேயே சாட்சி உண்டு. சென்னை இராயப்பேட்டைப் பெரியபாளையத்தம்மன் கோயில் கிணற்றுக் கல்வெட்டு அது. செய்யுளில் தொடங்கி, காலக்குறிப்புக்கு வரும்போது உரைநடைக்கு மாறுகிறது. எல்லீசன் தன்மையிலேயே பேசுகிறார்: பண்டாரகாரியம் சுமந்த காலத்தில், வள்ளுவர் நாட்டுக்கு உறுப்பாகச் சொன்னவற்றின் பொருளை ஆராய்ந்து, இதனோடு இருபத்தேழு துரவு கண்டதாக அறிவிக்கிறார். அவர் எடுத்தாளும் குறள் 737ஆவது. அதன் இருபுனலைக் கீழ்நீர், மேல்நீர் என்று பரிமேலழகர் விரிப்பார்; கிணறு கீழ்நீரின்பாற்படும். அச்சில் கிடைக்கும் எல்லிஸின் குறளுரை அறத்துப்பாலின் முதல் 13 அதிகாரங்களோடு நின்றுவிடுகிறது. கல்வெட்டோ பொருட்பாலிலிருந்து ஒரு நூற்பொருளைக் கலெக்டரின் செயலாக மாற்றுகிறது. ஆய்வுரையில் தாதுமாலை என்ன வேலை செய்கிறதோ, அதே வேலையை இங்கே குறள் செய்கிறது. உள்ளூர் நூல் அவருக்கு வேடிக்கைப் பொருளன்று, அதிகாரமுள்ள பிரமாணம்.

காலத்தைப் பொறுத்தவரை கல்வெட்டு நம்மை ஓரளவுக்கே அழைத்துச் செல்கிறது. சகம் 1740, ஆங்கில ஆண்டு 1818, வெகுதானிய ஆண்டு என்று மூன்று கணக்கும் உண்டு. வாரம், திதி, நட்சத்திரம் பார்த்ததாகச் சொல்கிறதே தவிர அவை எவை என்று சொல்லவில்லை. வெகுதானியம் சித்திரையில் பிறப்பதால், 1818 ஏப்ரலுக்கும் டிசம்பருக்கும் இடைப்பட்ட ஒரு நாள் என்பதற்கு மேல் எதுவும் உறுதியில்லை. அடுத்த மார்ச்சில் அவர் இராமநாதபுரத்தில் இறந்தார்.

பண்டாரகாரியம் என்ற குறிப்பை ஐராவதம் மகாதேவன், வள்ளுவர் உருவம் பொறித்ததாகத் தாம் இனங்கண்ட பொற்காசுகளோடு இணைத்தார். இணைப்பு ஏற்கத்தக்கதே, கருவூலப் பொறுப்பும் குறட்பற்றும் ஒருவரிடமே கூடியிருந்ததைக் கல்வெட்டு உறுதிப்படுத்துகிறது. ஆனால் காசுகளில் ஆண்டு இல்லாததால், அவை கிணற்றுக்கு முந்தியவையா பிந்தியவையா என்பதை இக்கட்டுரை முடிவு செய்யவில்லை.

நாற்பது வயது வரை எதையும் வெளியிடுவதில்லை என்று உறுதி பூண்டிருந்தவர் எல்லிஸ். 1777இல் பிறந்தவருக்கு அந்த வயதுக்குப்பின் கிடைத்தது இரண்டாண்டுக் காலம்கூட இல்லை. விட்டுச்சென்ற தாள்களிலும் பல அழிந்தன. எஞ்சியவற்றைக் கொண்டு பார்த்தாலே, கால்டுவெல்லுக்குக் கிடைத்த குறைபட்ட முன்னோடியாக அவரைக் காண இடமில்லை. தாதுமாலை, தீபிகை, குறள் என்னும் உள்நாட்டு நூல்களைச் சான்றாக்கி, பட்டாபிராம சாஸ்திரி போன்றவர்களோடு சேர்ந்து உருவாக்கிய வேறொரு ஆய்வு மரபின் முதல் நூலாக 1816ஆம் ஆண்டு ஆய்வுரையை வாசிக்க வேண்டும். அந்த மரபில் சாஸ்திரியின் பங்கு எவ்வளவு, எல்லிஸின் பங்கு எவ்வளவு என்பதே இனி ஆராய வேண்டிய கேள்வி.