காவிலிப்ப

கொல்லம் மாவட்டம் பரவூரில் ஒரு கோயில்காட்டுக்குள் கண்டெடுக்கப்பட்ட இலுப்பை இனம். தாவரவியல் பெயர் மதுகா டிப்ளோஸ்டெமன். மலையாளத்தில் காவிலிப்ப, அதாவது காவில் (கோயில்காட்டில்) நிற்கும் இலுப்பை. சப்போட்டாவும் இதே குடும்பம்தான். இலையைக் கிள்ளினால் பால் வடியும் குடும்பம்.

ஸ்காட்லாந்தில் பிறந்து, கிழக்கிந்தியக் கம்பெனியில் மருத்துவராக இருந்த ராபர்ட் வைட் 1835-ல் இதன் மாதிரியைச் சேகரித்தார். அவர் சேகரித்த மூன்று மாதிரிகளையும் முதலில் ஒரே இனம் என்றே எண்ணினார்கள். பிறகுதான் மூன்றும் வெவ்வேறு என்று தெரிந்தது. அவற்றில் இரண்டு, மதுகா நெரிஃபோலியாவும் மதுகா போர்டிலோனியும். பின்னதன் பெயர் திருவிதாங்கூர் வன அதிகாரி போர்டிலனை நினைவூட்டுவது. எஞ்சிய ஒன்றை சி.பி. கிளார்க் 1882-ல் புது இனமாக விவரித்தார். அதன்பின் யார் கண்ணிலும் அது படவில்லை. காய்ந்த கிளையாகத் தாளில் ஒட்டப்பட்டு, அழிந்துபோன இனமாகவே கருதப்பட்டது.

திருவனந்தபுரம் மாவட்டம் பாலோட்டில் 1979-ல் தொடங்கிய வெப்பமண்டலத் தாவரத் தோட்ட ஆய்வு நிறுவனம் இன்று ஜவாஹர்லால் நேரு பெயரைத் தாங்கி நிற்கிறது. போர்டிலோனியை முன்பே மீட்டுத் தந்ததும் அந்நிறுவனம்தான். அதன் அறிவியலாளர்கள், பரவூர் கூனயில் ஆயிரவல்லி கோயில் காவில் நின்ற ஒரு மரத்தை வைட்டின் இலுப்பை என்று அடையாளம் கண்டு, 2020-ல் 'ரீடியா' ஆய்விதழில் வெளியிட்டனர். வைட் மாதிரி சேகரித்து 180 ஆண்டுகளுக்கு மேல் கழிந்திருந்தது. அப்போது தெரியவந்தது ஒரே ஒரு மரம்.

அதைக் காத்தது காவுதான். பழைய காவுகளில் அரிவாள் வைக்க மாட்டார்கள். விழுந்த சுள்ளியைக்கூட அடுப்புக்கு எடுக்க மாட்டார்கள். சுற்றிலும் வீடும் தென்னந்தோப்பும் பெருகப் பெருக, ஒவ்வொரு காவும் நிலத்துக்கு நடுவே ஒரு தீவாகிவிட்டது. அந்தப் பயபக்தி இல்லையென்றால் இந்த மரம் எப்போதோ விறகாகியிருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஒற்றை மரத்தின் ஆபத்தை அட்லாண்டிக் கடலின் செயின்ட் ஹெலினா தீவு அறியும். இளஞ்சிவப்பில் பூக்கும் அதன் 'ஆலிவ்' (நெசியோட்டா எலிப்டிகா), பெருஞ்செடியாகவோ சிறுமரமாகவோ வளர்வது. அது அழிந்துவிட்டது என்றிருந்த நிலையில், 1977-ல் ஜார்ஜ் பெஞ்சமின் என்பவர் ஒரு மரத்தைக் கண்டார். தன் மகரந்தத்தைத் தானே ஏற்காத இனம் அது. துணை மரம் இல்லாமல் விதை பிடிப்பது அபூர்வம். காட்டிலிருந்த கடைசி மரம் 1994-ல் பட்டுப்போனது. பதியனும் நாற்றுமாக வளர்த்தவற்றைப் பூஞ்சை நோய் தாக்கியது. 2003 டிசம்பரில் கடைசிச் செடியும் போய்ச் சேர்ந்தது.

பரவூர் மரத்துக்கு அந்தக் கதி நேராதிருக்க, விதைச் சேமிப்பு, திசு வளர்ப்பு, டிஎன்ஏ சேமிப்பு ஆகியவற்றின் வழியே காவுக்கு வெளியிலும் அதைப் பெருக்கிக் காக்கும் திட்டத்தைப் பாலோடு நிறுவனம் அறிவித்தது.