கோபுரத்துக்கு வெளியே நின்ன ஐயா

ஆடி அமாவாசைக்கு ஊருக்குப் போயிருந்தேன். எங்க மகாராஜபுரம் வழியாத்தான் சதுரகிரிக்குப் போகணும்ங்கறதால தாணிப்பாறை வரைக்கும் ஒரே கூட்டம். வழியெல்லாம் மோர்ப்பந்தல். வர்றவங்க எந்த ஊரு, என்ன ஆளுன்னு யாரும் கேக்கறதில்ல. (மத்த நாள்ல கேப்பாங்களான்னு நீங்க கேக்கப்படாது :-))

ஆனா வீட்டுக்குள்ள எனக்கும் சித்தப்பாவுக்கும் சண்டை. பக்கத்துத் தெருவோட ஏதோ தகராறு, "இனி அவனுங்க மூஞ்சில முழிக்க மாட்டேன்"னு ஆரம்பிச்சார். நானும் சும்மா இருக்கல, வாய்க்கு வந்ததைப் பேசிட்டேன். அப்பத்தாதான் என்னைத் திண்ணைக்குக் கூப்பிட்டுச் சொல்லிச்சு: "ஏய்யா, எங்க ஐயா ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனா கோபுரத்தை ரோட்டுல நின்னு கும்பிட்டுத் திரும்பிருவாராம். உள்ள விடமாட்டாக."

192 அடி கோபுரம். தமிழ்நாடு அரசு முத்திரையில இருக்கறது அதுதான்னு சொல்வாங்க. என் சாதிச் சான்றிதழ்லகூட அந்த முத்திரைதான். நான் அதைத் தாண்டி எத்தனை தடவை உள்ள போயிருக்கேன், ஒருதடவைகூட இதை யோசிச்சதில்ல.

அதுக்கப்புறம் கொஞ்சம் படிச்சேன். நம்ம பக்கம் இந்த விஷயத்துல சிந்தின ரத்தம் கொஞ்சநஞ்சமில்ல. 1897-ல் கமுதி கோயிலுக்குள்ள நாடார்கள் சிலர் போனதுக்கு வழக்கு. அது லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போய், 1908-ல் அவங்களுக்கு எதிராத்தான் தீர்ப்பு வந்துச்சு. நடுவுல 1899 ஜூன் 6 அன்னைக்கு சிவகாசியையே ஆயிரக்கணக்கான பேர் சூழ்ந்து தாக்கினாங்க. அதுக்கும் மூலகாரணங்கள்ல ஒண்ணு கோயில் நுழைவுதான். கும்பிட வந்தவனை அடிச்சு விரட்டினவங்களும் சாமி பேரைச் சொல்லித்தான் அடிச்சாங்க.

சரியா 40 வருஷம் கழிச்சு, 1939 ஜூலை 8. மதுரை வக்கீல் அ. வைத்தியநாத ஐயர், மீனாட்சியம்மன் கோயிலுக்குள்ள சிலரைக் கூட்டிக்கிட்டுப் போறார். தாழ்த்தப்பட்டவங்க அஞ்சு பேர், கூடவே விருதுநகர் எஸ்.எஸ். சண்முக நாடார். அந்த அஞ்சு பேர்ல ஒருத்தர் கக்கன், ஆமா, பின்னாடி நம்ம மாநில உள்துறை அமைச்சரா இருந்த அதே கக்கன்தான். முத்துராமலிங்கத் தேவரும் இதுக்கு ஆதரவா நின்னார். சிவகாசியை நெனச்சுப் பாத்தா இது எனக்கு ரொம்பப் பெரிய விஷயமா படுது. கோயில் நிர்வாக அதிகாரி ஆர்.எஸ். நாயுடுவும் உறுதியா இருந்தார். எதிர்த்த பட்டர்கள் சிலர் பூஜை பண்ண மாட்டோம்னுட்டாங்க. ராஜாஜி அரசு அதே வருஷம் சட்டம் கொண்டுவந்து, கோயிலைத் திறந்துவிட்டவங்களுக்குப் பாதுகாப்பு குடுத்துச்சு. காந்தி 1946-ல்தான் அந்தக் கோயிலுக்குள்ள போனார்.

எனக்கு இதுல பிடிச்சது என்னன்னா, ஐயர் நாத்திகர் இல்ல. பக்திமான். சாமி மேல நம்பிக்கை இருந்ததாலதான் அந்தக் கதவை எல்லாருக்கும் திறக்கணும்னு நினைச்சார். சொந்த சாதிக்காரங்க அவரை ஒதுக்கிவச்சாங்க. அவரோ கக்கனை வீட்டுப் பிள்ளையா வச்சிருந்தார். 1955-ல் ஐயர் இறந்தப்ப பெத்த மகன் மாதிரி கக்கன் மொட்டை போட்டுக்கிட்டார்னு மதுரைப் பக்கம் இன்னைக்கும் சொல்வாங்க. சட்டம் கோயில் கதவைத் திறக்கலாம், ஆனா மொட்டை போட்டுக்கன்னு எந்தச் சட்டமும் சொல்லாதுல்ல?

இதையெல்லாம் சித்தப்பாகிட்ட சொன்னேன். "நீ ரெண்டு எழுத்து படிச்சிட்டு வந்து..."ன்னு ஆரம்பிச்சவர், பாதியில நிறுத்திட்டு டிவி பாக்கப் போயிட்டார். சமாதானம்லாம் ஆகல. ஆனா மறுநாள் மோர்ப்பந்தலுக்குத் தண்ணி டிரம் தூக்கும்போது மறுபக்கம் பிடிச்சது அந்தத் தெருப் பையன்தான். ரெண்டு பேரும் பேசிக்கல, டிரம்மும் கீழ விழல.

கிளம்பறதுக்கு முந்தின நாள் அப்பத்தாவை ஆண்டாள் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனேன். உள்ள போறதுக்கு முன்னாடி ரோட்டுலயே நின்னு, செருப்பைக் கழட்டி, கோபுரத்தைப் பாத்துக் கும்பிட்டுச்சு. வெயில் பொசுக்குது. "உள்ள போய்க் கும்பிடலாம்ல அப்பத்தா?"ன்னேன்.

"இரு. ஐயா இங்கனதானய்யா நின்னாரு."