617 இலக்க எண்... வகுபடும்னு தெரியும், எதால்னு யாருக்கும் தெரியாது! ஆர்.எஸ்.ஏ-2048-ல் அப்படி என்ன இருக்கு?

கையில் இருக்கும் போனில் கால்குலேட்டரைத் திறந்து 97-ஐ 89-ஆல் பெருக்கிப் பாருங்க. 8633. ஒரு நொடிகூட ஆகாது. இப்போ அதே 8633-ஐ நண்பரிடம் கொடுத்து, "எந்த ரெண்டு எண்ணைப் பெருக்கினா இது வரும்?"னு கேளுங்க. 3, 7, 11, 13 என வரிசையாக வகுத்துக்கொண்டே போய், 89-க்கு வந்தால்தான் விடை.

பெருக்குவது சுலபம், பிரிப்பது கஷ்டம். இணையப் பாதுகாப்பின் ஒரு பெரிய பகுதி இந்த வித்தியாசத்தை நம்பித்தான் நிற்கிறது.

ஆர்.எஸ்.ஏ-2048 என்றால் என்ன?

இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்கி உருவாக்கிய 617 இலக்க பகு எண். 25195908 என்று தொடங்கி 7-ல் முடியும். காரணிகளைக் கண்டுபிடித்தால் 2 லட்சம் டாலர் பரிசு என ஆர்.எஸ்.ஏ நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவு அறிவித்தது. 2007-ல் போட்டியையே முடித்துவிட்டார்கள். பரிசை யாரும் வாங்கவில்லை. இன்றுவரை அந்த ரெண்டு எண்கள் வெளிவரவில்லை.

காரணியே தெரியாம, பகு எண்ணுன்னு எப்படி சொல்றாங்க?

இதுதான் சுவாரசியமான இடம். 17-ம் நூற்றாண்டில் பிரான்ஸின் ஃபெர்மா சொன்ன விதி ஒன்று இருக்கிறது. ஒரு எண் பகா எண் என்றால், 2-ஐ அத்தனை முறை எழுதிப் பெருக்கி, வரும் விடையில் 2-ஐக் கழித்தால், மீதி அந்த எண்ணால் சரியாக வகுபடணும்.

9-ஐ எடுத்துக்கலாம். ஒன்பது 2-களைப் பெருக்கினால் 512. 2 போக 510. அதை 9-ஆல் வகுத்தால் மீதி 6 நிற்கிறது. ஆக, 9 பகா எண் இல்லை. கவனிச்சீங்களா? 3 என்ற காரணியை நாம் தொடவே இல்லை! (வகுபட்டுவிட்டால் மட்டும் பகா எண் என்று முடிவு கட்ட முடியாது. 341 அப்படி ஏமாற்றும். அது 11 பெருக்கல் 31.)

617 இலக்க எண்ணுக்கும் இதுபோன்ற சோதனையை கம்ப்யூட்டர் கண் இமைக்கும் நேரத்தில் செய்துவிடும். காரணியைத் தேடுவதுதான் வேறு கதை.

இந்த இடைவெளி புதுசும் இல்லை. அறுபத்தேழு 2-களைப் பெருக்கி 1 கழித்தால் வரும் 147573952589676412927 பகு எண்தான் என்று 1876-லேயே லூகாஸ் நிரூபித்துவிட்டார். காரணிகள் கிடைத்தது 1903-ல். அமெரிக்க கணிதக் கழகக் கூட்டத்தில் ஃபிராங்க் நெல்சன் கோல் 193707721, 761838257287 என்ற இரண்டையும் காட்டினார். ஒரு வார்த்தை பேசாமல் கரும்பலகையிலேயே பெருக்கிக் காட்டிவிட்டு உட்கார்ந்தார் என்பது கணித உலகில் சொல்லப்படும் கதை.

இதுவரை எவ்வளவு தூரம் வந்திருக்காங்க?

1977-ல் 'சயின்டிஃபிக் அமெரிக்கன்' இதழில் 129 இலக்க எண் ஒன்று சவாலாக வெளியானது. கோடிக்கணக்கான ஆண்டுகள் ஆகும் என்றார்கள். ஆனால் 1994-லேயே உடைந்தது. சுமார் 600 தன்னார்வலர்கள் தங்கள் கம்ப்யூட்டர்களை இணையம் வழியாக இதற்காகக் கொடுத்தார்கள். 2020 பிப்ரவரியில் 250 இலக்க எண்ணும் விழுந்தது. ஒரே ஒரு கம்ப்யூட்டர் கோர் மட்டும் வேலை செய்திருந்தால் அதற்குச் சுமார் 2,700 ஆண்டுகள் ஆகியிருக்கும்.

என் பேங்க் கணக்குக்கு ஆபத்தா?

இந்தக் குறிப்பிட்ட எண் எந்த வங்கியின் பூட்டும் இல்லை. ஆர்.எஸ்.ஏ முறையைப் பயன்படுத்தும் ஒவ்வொரு தளத்துக்கும் தனித்தனி எண் உண்டு. ஆனால் அவற்றில் பல இதே 2048 பிட் அளவுதான். இதை உடைக்கும் வழி கிடைத்தால், அவையும் தாங்காது.

பெரிய குவாண்டம் கம்ப்யூட்டர் வந்தால் காரணிகளைச் சீக்கிரம் பிரிக்கலாம் என்று 1994-லேயே பீட்டர் ஷோர் காட்டிவிட்டார். அந்த அளவுக்குத் திறன்கொண்ட இயந்திரம் இன்னும் வரவில்லை. ஆனாலும் காத்திருக்காமல், குவாண்டம் கம்ப்யூட்டரையும் தாங்கும் புதிய குறியாக்கத் தரங்களை அமெரிக்காவின் 'நிஸ்ட்' அமைப்பு 2024 ஆகஸ்டில் வெளியிட்டது. அவற்றில் காரணி பிரிக்கும் கணக்குக்கே வேலை இல்லை.