ஒருவருக்கு ஒரு படி

நூல்நிலையங்களின் வரலாற்றை எழுதுவோர் அவற்றை நிறுவிய மன்னரையும் வள்ளல்களையும், அங்குத் திரண்ட நூற்றொகையையும், ஈற்றில் அவற்றுக்கு நேர்ந்த அழிவையும் கூறி அமைவர். நூலகரின் மேசைக்கு முன் நின்று, "இந்நூலின் இப்பகுதிக்கு எனக்கு ஒரு படி வேண்டும்" என்று கேட்ட வாசகனைப் பற்றி அவர்கள் எழுதுவது அரிது. அவ்வேண்டுகோளை ஏற்பதா, மறுப்பதா, ஏற்பின் எவ்வளவு கொடுப்பது, எந்நிபந்தனையோடு கொடுப்பது என்னும் வினாக்கள் நூலகரையும் பதிப்பாளரையும் நீதிமன்றங்களையும் சென்ற நூறாண்டுகளாக ஆட்கொண்டு வந்துள்ளன. இக்காலத்தில் அப்படி பெரும்பாலும் தாளில் வருவதில்லை; வருடியில் எடுக்கப்பட்ட எண்ணிமப் படியாக மின்னஞ்சலில் வந்து சேர்கின்றது. ஆயினும் அதனை வழங்கும் நூலகர் கைக்கொள்ளும் விதிகள் கணினியோடு பிறந்தவை அல்ல. அவை பிறந்து வளர்ந்த வரலாற்றையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

பொறிகள் தோன்றுமுன் படியெடுத்தல் வாசகனுடைய வேலையாகவே இருந்தது. நம் முன்னோர் ஏட்டைப் பார்த்து ஏடெழுதினர். எழுதியவர் ஏட்டின் இறுதியில் தம் பிழை பொறுக்குமாறு கற்றோரை வேண்டிக்கொள்வதும் உண்டு. மேனாட்டு நூல்நிலையங்களிலும் அறிஞர் பலர் நாட்கணக்காக அமர்ந்து வேண்டிய பகுதிகளைக் கையால் எழுதிச் சென்றனர். இம்முறையில் ஒரு காவல் இயல்பாகவே அமைந்திருந்தது. எழுதுவோனுடைய நேரமும் உழைப்புமே படியின் அளவுக்கு எல்லையாயின. ஒருவன் முந்நூறு பக்க நூலைக் கையால் எழுதி ஆயிரம் பேருக்கு விற்றுவிடுவான் என்று எந்தப் பதிப்பாளரும் அஞ்சவேண்டியிருக்கவில்லை. நூலகரும் நூலை எடுத்துக் கொடுப்பதோடு தம் கடமை முடிந்ததெனக் கொண்டார்.

இந்நிலையை மாற்றியது ஒளிப்படக்கருவி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோன்றிய "போட்டோஸ்ராற்" என்னும் பொறி, நூற்பக்கத்தின் உருவைக் கண்ணாடித் தட்டின் உதவியின்றி நேரே ஒளியுணர் தாளிற் பதித்தது. கரிய நிலத்தில் வெள்ளெழுத்துக்களாகத் தோன்றிய அப்படி பார்வைக்கு அழகாயிராவிடினும் பிழையற்றதாயிருந்தது. பின்னர் நுண்படச் சுருள் வந்தது. இப்பொறிகளை வாங்கி நிறுவும் வசதி வாசகனிடம் இல்லை, நூல்நிலையத்திடமே இருந்தது. ஆகவே படியெடுக்கும் கை மாறியது. முன்பு வாசகன் செய்ததை இப்போது நூலகர் செய்தார். எனவே, "படியெடுத்தவர் யார்? அதற்குப் பொறுப்பாளி யார்?" என்ற வினா முதன்முறையாக எழுந்தது.

இதற்கு முதல் விடை சட்டத்திலிருந்து வரவில்லை. ஒரு கனவான் ஒப்பந்தத்திலிருந்து வந்தது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் றொபேட் பிங்கிளி என்னும் வரலாற்றுப் பேராசிரியர் ஆராய்ச்சி மூலங்கள் பற்றிய கூட்டுக் குழு ஒன்றுக்குத் தலைமை தாங்கினார். 1935ஆம் ஆண்டில் அக்குழுவுக்கும் நூற்பதிப்பாளர் தேசிய சங்கத்துக்குமிடையே ஓர் உடன்பாடு ஏற்பட்டது. நூலை இரவல் கொடுப்பதற்குப் பதிலாகவோ, வாசகன் கையால் எழுதிக்கொள்வதற்குப் பதிலாகவோ, நூலின் ஒரு பகுதிக்கு ஒரேயொரு ஒளிப்படப் படியை ஆராய்ச்சியின் பொருட்டு நூல்நிலையம் கொடுக்கலாம்; அதனால் இலாபம் பெறுதலாகாது; அதனைத் தவறாகப் பயன்படுத்தினால் பொறுப்பு வாசகனுடையதே என்று அவனுக்கு அறிவித்தல் வேண்டும். இவையே அவ்வுடன்பாட்டின் சாரம். பழைய கைப்படியின் எல்லையை மனத்திற்கொண்டு புதிய பொறிக்கு எல்லை வகுத்த நுட்பம் இதில் நோக்கத்தக்கது. அதற்குச் சட்டவலு இருந்ததில்லை. எனினும் பல்லாண்டுகளாக அமெரிக்க நூலகர்க்கு அதுவே வழிகாட்டியாய் நின்றது.

பிரித்தானியாவில் இக்கொள்கை சட்டமாகவே எழுதப்பட்டது. 1956ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் நூல்நிலையங்களுக்கெனத் தனிப் பிரிவொன்றை வகுத்தது. சஞ்சிகையொன்றின் ஓரிதழிலிருந்து ஒரு கட்டுரை, ஒருவருக்கு ஒரு படி, படியெடுக்கும் செலவுக்குக் குறையாத கட்டணம், ஆராய்ச்சிக்கு அல்லது தனிப்பட்ட கல்விக்கு மாத்திரமே பயன்படுத்துவேன் என்ற கையொப்பம் என்பன அதன் நிபந்தனைகள். இவற்றுள் இறுதியில் நின்ற கையொப்பம் சிறப்பாகக் கவனிக்கத்தக்கது. நூலகர் ஒவ்வொரு வாசகனுடைய வீட்டுக்கும் சென்று படி எவ்வாறு பயன்படுகின்றது என்று பார்க்க முடியாது. ஆதலின் சட்டம் அவனுடைய சொல்லை நம்பியது. அச்சொல்லை எழுத்தில் வாங்கி வைத்தது.

மூன்றாண்டுகளுக்குள் அந்நம்பிக்கைக்குப் பெருஞ் சோதனை வந்தது. 1959ஆம் ஆண்டில் "செறொக்ஸ் 914" என்னும் பொறி சந்தைக்கு வந்தது. செஸ்ரர் காள்சன் 1938ஆம் ஆண்டில் கண்டறிந்த உலர்முறை படியெடுப்பே அதன் அடிப்படை. இருட்டறையும் ஈரமருந்தும் இன்றிச் சாதாரண தாளில், பொத்தானை அழுத்தியவுடன் படி வெளிவந்தது. வாசகரின் வேண்டுகோள்கள் வெள்ளமெனப் பெருகின. வாஷிங்டனுக்கு அண்மையிலுள்ள தேசிய மருத்துவ நூலகம் 1968ஆம் ஆண்டில் மாத்திரம் பிற நூலகங்களிலிருந்து வந்த ஏறத்தாழ 120,000 வேண்டுகோள்களுக்குக் கட்டுரைப் படிகளையே விடையாக அனுப்பியது.

அவ்வாண்டிலேயே பல்ரிமோர் நகரத்து மருத்துவப் பதிப்பகமாகிய வில்லியம்ஸ் அன்ட் வில்கின்ஸ் வழக்குத் தொடுத்தது. சிறிய தொகையினர்க்காக அச்சிடப்படும் மருத்துவச் சஞ்சிகைகள் சந்தாப் பணத்தாலேயே வாழ்கின்றன, கட்டுரைகள் இலவசமாகக் கிடைப்பின் சந்தா கட்டுவோர் குறைவர், சஞ்சிகை நின்றுபோகும், பின்னர்ப் படியெடுக்கவும் ஒன்றும் இராது என்பது அதன் முறையீடு. இதனை வெறும் பேராசையெனத் தள்ளிவிடல் இயலாது. மறுபக்கத்தில், நோயாளிக்கு மருந்து தேடும் வைத்தியரும் ஆய்வாளரும் நின்றனர். தமக்கு வேண்டிய ஒரு கட்டுரைக்காக அவர் ஒவ்வொருவரும் சஞ்சிகை முழுவதற்கும் சந்தா கட்டுதல் ஆகுமா?

முதலில் வழக்கை விசாரித்த ஆணையாளர் பதிப்பகத்துக்குச் சார்பாகக் கூறினார். 1973ஆம் ஆண்டு நவம்பரில் உரிமைக் கோரிக்கை நீதிமன்றம் நால்வருக்கு மூவர் என்ற கணக்கில் அதனை மாற்றியது. பதிப்பகத்துக்குக் கணிசமான நட்டம் ஏற்பட்டமை எண்பிக்கப்படவில்லை என்றும், படியெடுத்தலைத் தடுத்தால் மருத்துவ ஆராய்ச்சி ஊறுபடும் என்றும், நிலையான தீர்வைச் சட்டமன்றமே காணவேண்டும் என்றும் பெரும்பான்மையினர் கருதினர். வழக்கு உயர் நீதிமன்றத்துக்குச் சென்றது. 1975ஆம் ஆண்டு பெப்ரவரியில் அங்கு நீதியரசர்கள் நால்வர் ஒருபுறமும் நால்வர் மறுபுறமுமாகப் பிரிந்தனர். ஆதலின் முன்னைய தீர்ப்பே நிலைத்தது. அறிவு பரவுதலும் அறிவை வெளியிடுவோர் வாழ்தலும் ஒன்றுக்கொன்று இன்றியமையாதன. அவற்றைத் துலாக்கோலில் இட்டபோது முள் நடுவிலேயே நின்றது எனலாம்.

சட்டமன்றம் 1976ஆம் ஆண்டில் விடை கூறியது. 1978 சனவரி முதலாம் நாள் நடைமுறைக்கு வந்த புதிய பதிப்புரிமைச் சட்டத்தின் 108ஆம் பிரிவு, வாசகனுக்கு ஒரு கட்டுரையின் ஒரு படியைக் கொடுக்க நூலகருக்கு இடமளித்தது. அப்படி வாசகனுடைய உடைமையாதல் வேண்டும். வேண்டுகோளை ஏற்கும் மேசையிலும் வேண்டுகோட் படிவத்திலும் பதிப்புரிமை எச்சரிக்கை காணப்படல் வேண்டும். நியாயமான விலையிற் கிடையாத நூலாயின், தேடிப் பார்த்த பின்னர் முழு நூலையும் படியெடுக்கலாம். ஒரு நூல்நிலையம் சந்தா கட்டாது பிறரிடமே பெற்றுக்கொண்டிருத்தலைத் தடுக்க, ஒரு சஞ்சிகையின் அண்மைய ஐந்தாண்டு இதழ்களிலிருந்து ஓராண்டில் ஐந்து படிகளுக்கு மேற் கேட்டலாகாது என்னும் வழிகாட்டு விதியும் அமைந்தது. 1935ஆம் ஆண்டின் கனவான் ஒப்பந்தம் இவ்வாறு விரிந்த உருவிற் சட்டமாயிற்று.

எண்ணிமப் படியோ முன்னையவற்றினின்றும் வேறுபட்டது. தாட்படியை மீண்டும் படியெடுக்குந்தோறும் எழுத்து மங்கும். எண்ணிமப் படி ஆயிரம் முறை பெருகினும் மங்குவதில்லை. ஒருவருக்கு அனுப்பியது ஒரு நாழிகைக்குள் உலகெங்கும் பரவலாம். ஜேர்மனியின் டாம்ஸ்ராற் தொழினுட்பப் பல்கலைக்கழகத்தின் நூலகம் வரலாற்றுப் பாடநூலொன்றை வருடி, தன் வாசகசாலைத் திரைகளில் மாணவர்க்குக் காட்டியது. பதிப்பாளர் வழக்குத் தொடுத்தார். திரையிற் படிக்க வைப்பதற்காக நூலகம் நூலை எண்ணிமமாக்கலாம் என்றும், மாணவர் அதனை அச்சிட்டோ நினைவுக் கோலிற் பதித்தோ கொண்டு செல்லுதல் அவ்விதிவிலக்கினுள் அடங்காது, வேறு விதிகள் இடங்கொடுப்பின் மாத்திரமே ஆகும் என்றும் ஐரோப்பிய நீதிமன்றம் 2014 செப்ரெம்பர் 11ஆம் நாள் தீர்ப்பளித்தது. பொறி மாறினும், "எவ்வளவு, எவருக்கு, எதன் பொருட்டு" என்னும் மூன்று வினாக்களும் மாறவில்லை.

இனி எம் நாட்டை நோக்குவோம். இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும் இவ்வழியிலேயே செல்கின்றது. இலாபநோக்கற்ற நூல்நிலையம், கல்விக்காகவோ ஆராய்ச்சிக்காகவோ கேட்கும் ஒருவருக்குக் கட்டுரையின் அல்லது நூலின் சிறு பகுதியின் ஒரு படியைக் கொடுக்க அது இடந்தருகின்றது. ஆசிரியர் இறந்து எழுபது ஆண்டுகள் கழிந்த நூல்களுக்குப் பொதுவாகத் தடையே இல்லை. அவ்வாறிருந்தும் வேண்டுகோள்கள் மறுக்கப்படுகின்றன. யான் வெளிவாரிப் பட்டப் பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்த காலத்தில், 2006ஆம் ஆண்டின் பிற்பகுதியில், ஏ9 வீதி மூடப்பட்டிருந்தது. இங்குக் கிடையாத நூலொன்றின் ஓர் இயலை வேண்டித் தலைநகரத்து நூல்நிலையம் ஒன்றுக்கு எழுதினேன். "நேரில் வந்து பார்வையிடலாம்" என்று விடை வந்தது. மற்றொரு நூல்நிலையத்து அலுவலரோ அவ்வியலின் இருபத்திரண்டு பக்கங்களையும் படியெடுத்து, முதற்பக்கத்தில் "கல்வித் தேவைக்கு மாத்திரம்" என்று முத்திரையிட்டு அனுப்பிவைத்தார். இருவர்க்கும் சட்டம் ஒன்றே. ஒருவர் அதில் மறுப்பதற்குரிய இடத்தைத் தேடினார். மற்றவர் கொடுப்பதற்குரிய இடத்தைக் கண்டார்.

படி கொடுத்தலில் வாசகன் பெறும் நன்மையினும் பெரியதொரு நன்மை நூலுக்கே உண்டு என்பதை யாழ்ப்பாணத்தார்க்கு எடுத்துக் கூறவேண்டியதில்லை. 1981 மே 31ஆம் நாள் இரவு தொடங்கி எரியூட்டப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் அழிந்தன. அச்சு நூல்கள் பலவற்றைப் பிற இடங்களிலிருந்து மீளப் பெறலாம். ஒரேயொரு படியாக இருந்தவை போனவை போனவையே. எரியுமுன் எவரேனும் ஒருவர் கேட்டு, அவருக்கு ஒரு படி கொடுக்கப்பட்டிருந்தால், அவ்வொருவர் வீட்டிலேனும் அது எஞ்சியிருக்கலாமன்றோ? 2005ஆம் ஆண்டிலிருந்து நூலகம் என்னும் எண்ணிம நூலகத்தினர் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் வருடி எல்லார்க்கும் திறந்து வைத்து வருவது இவ்விழப்பின் பாடத்தை உணர்ந்த பணியாகும்.

ஆகவே நூல்நிலையப் பொறுப்பேற்போர் ஒவ்வொரு வேண்டுகோளையும் தனித்தனியே ஆராய்தல் வேண்டும். உரிமை கழிந்த நூலாயின் தயங்காது கொடுக்க. உரிமையுள்ள நூலாயின் சட்டம் இடந்தரும் அளவு கொடுக்க. மறுக்க நேரின் காரணத்தை எழுதி மறுக்க. கேட்கும் மாணவரும் நூலின் பெயர், பக்கம், நோக்கம் என்பவற்றைத் தெளிவாகக் குறித்து, தாம் இடும் கையொப்பத்துக்கு உண்மையாய் நடத்தல் வேண்டும். ஒருவருக்கெனப் பெற்ற படியைக் குழுக்களிற் பரப்பும் மாணவன், தனக்குப் பின் கேட்க வரும் மாணவனுக்குரிய கதவையே அடைக்கின்றான். 1956ஆம் ஆண்டில் சட்டம் வாசகனுடைய சொல்லை நம்பியது. அந்நம்பிக்கையைக் காத்தல் எம் கடனாகும்.