வில்சன், ஹாரியட் இ. (1825–1900)

அமெரிக்க நாவலாசிரியை. அமெரிக்காவில் நாவல் ஒன்றை அச்சில் வெளியிட்ட முதல் கறுப்பினப் பெண் என்று பொதுவாகக் கருதப்படுபவர். அவர் எழுதியதாக அறியப்படுவது ஒரே நாவல்தான்.

நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் மில்ஃபர்ட் ஊரில் பிறந்தார். பிறந்த நாள் 1825 மார்ச் 15 என்று இப்போது ஏற்கப்படுகிறது. சில ஆண்டுகள் பிந்திக் குறித்த நூல்களும் உண்டு. தந்தை ஜோஷுவா கிரீன், பீப்பாய்க்கு வளையம் பூட்டும் கறுப்பினத் தொழிலாளி. தாய் துணி துவைத்துப் பிழைத்த வெள்ளைக்காரப் பெண். தந்தை இறந்தபின் தாய் மகளை ஹேவர்ட் என்ற விவசாயியின் வீட்டில் விட்டுச் சென்றார். பதினெட்டு வயதுவரை ஹாரியட் அங்கே ஒப்பந்த வேலைக்காரியாக இருந்தார்.

1851-இல் தாமஸ் வில்சனை மணந்தார். தப்பி வந்த அடிமை என்று சொல்லிக்கொண்டு மேடைகளில் பேசியவர் தாமஸ்; நாவலோ அவர் தெற்கையே கண்டதில்லை என்கிறது. அவர் கைவிட்டுப் போன நிலையில், 1852-இல் மகன் ஜார்ஜ் ஆதரவற்றோர் தங்கும் ஏழையர் பண்ணையில் பிறந்தான். தாமஸ் பின்னர் இறந்தார்.

ஜார்ஜை வளர்க்கப் பணம் வேண்டும் என்பதையே முன்னுரையில் காரணமாகச் சொல்லி, 1859 செப்டம்பரில் ‘அவர் நிக்’ (Our Nig, ‘எங்கள் நிக்’) நாவலை பாஸ்டனில் அச்சிட்டார். ‘நிக்’ என்பது கறுப்பினத்தவரை இழிக்கும் சொல்லின் சுருக்கம். கதையில் எஜமானர் வீட்டார் சிறுமி ஃப்ராடோவைக் கூப்பிடும் அந்தப் பெயரையே, தலைப்பில் மட்டுமன்றி ஆசிரியர் பெயர் வரவேண்டிய இடத்திலும் வைத்தார். அடிமைமுறை இல்லாத வடக்கில், சுதந்திரமாகப் பிறந்த சிறுமி இரண்டு மாடி வெள்ளை வீட்டில் படும் பாடுதான் கதை. சமையலறைக்கு மேலே கூரை சரிந்த அறையில் தூங்குகிறாள், நின்றபடியே சாப்பிடுகிறாள். சத்தம் வராமலிருக்க வாயில் மரக்கட்டையைத் திணித்து எஜமானி அடிக்கிறாள், சுருள்முடியையும் மழித்துவிடுகிறாள். நாவலில் மறக்க முடியாத இடம் ஒன்று உண்டு. தான் சாப்பிட்ட தட்டிலேயே சாப்பிடும்படி எஜமானி கட்டளையிட, ஃப்ராடோ தன் நாய் ஃபைடோவை அழைத்துத் தட்டை நக்கிச் சுத்தம் செய்யவைத்து, அதன்பிறகே உண்கிறாள். பிற்பகுதியில் ஒருநாள், இனி அடித்தால் ஒரு வேலையும் செய்யமாட்டேன் என்று விறகுக் குவியலருகே எதிர்த்து நிற்கிறாள். எஜமானி ஓங்கிய கை அடிக்காமலேயே இறங்குகிறது.

இது நாவலா, தன்வரலாறா என்பதில் ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. தாயைப் பற்றிய தொடக்க அத்தியாயங்களின் தலைப்புகளில் ‘என்’ என்ற சொல் வருகிறது. கதையோ படர்க்கையில் நடக்கிறது. கதையில் எஜமானர் வீட்டாராக வரும் பெல்மான்ட் குடும்பம் ஹேவர்ட் குடும்பமே என்பது 1990-களில் மில்ஃபர்ட் ஆவணங்களைத் தேடிய பார்பரா வைட்டின் முடிவு. அடிமை ஒழிப்பு இயக்கத்தவருடன் உறவு கொண்ட குடும்பம் அது. நூல் அன்று கவனிக்கப்படாமல் போனதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம் என்பர்.

நூல் வந்த ஆறு மாதத்துக்குள், 1860 பிப்ரவரியில், ஜார்ஜ் காய்ச்சலில் இறந்தான். வயது ஏழு.

அதே காலத்தில் வில்சன் தலைமுடித் தைலம் தயாரித்து விற்றார். அவர் பெயர் பொறித்த கண்ணாடிப் புட்டிகள் சில இன்றும் கிடைக்கின்றன. 1867 முதல் பாஸ்டன் பகுதியில் ஆவியுலகத் தொடர்பு இயக்கத்தின் மீடியமாகவும் மேடைப் பேச்சாளராகவும் அறியப்பட்டார். 1870-இல் ஜான் ராபின்சனை மணந்தார். பின்னர் பல ஆண்டுகள் ஒரு தங்கும் விடுதியைக் கவனித்துவந்தார். 1900 ஜூன் 28-இல் மாசசூசெட்ஸின் குவின்சியில் காலமானார்.

நூறாண்டுக்கும் மேலாக நூல் பெரும்பாலும் மறக்கப்பட்டிருந்தது. அறிந்த சிலரும் ஆசிரியர் வெள்ளையர் என்றே எண்ணினர். 1980-களின் தொடக்கத்தில் இலக்கிய ஆய்வாளர் ஹென்றி லூயிஸ் கேட்ஸ் ஆவணங்களைத் தேடி, வில்சன் கறுப்பினப் பெண்ணே என நிறுவினார். உறுதியான சான்றாக அமைந்தது ஜார்ஜின் இறப்புப் பதிவு: நிறம் என்ற இடத்தில் ‘கறுப்பு’ என்று இருந்தது. மகனைக் காக்க எழுதிய நூல் தாயின் கைக்கு வந்துசேர அந்தப் பதிவே வழிசெய்தது.

2002-இல் வெளியான கறுப்பினப் பெண் ஹன்னா கிராஃப்ட்ஸின் நாவல் கையெழுத்துப்படி ‘அவர் நிக்’குக்கு முந்தியதாக இருக்கலாம் என்பதால், ‘முதல்’ என்ற அடைமொழி இப்போது அச்சில் வந்தவற்றுக்கே பொருத்திச் சொல்லப்படுகிறது. மில்ஃபர்டில் 2006-இல் வில்சனுக்குச் சிலை நிறுவப்பட்டது.